தொப்பூர் மேட்டில் நின்ற காரும் 38 நாள் காக்க வைத்த ஒரு குழாயும்

கார் நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாகப் பிரிவுகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். கன்று ஏற்ற ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. அது தொழிலுக்கு. அது போக, சில வருடங்களுக்கு முன்பு ஆசைப்பட்டு ஒரு சின்ன கார் வாங்கினேன். வெளியே பார்த்தால் தெருவுக்கு நாலு நிற்கிற ஹேட்ச்பேக் மாதிரிதான் இருக்கும். உள்ளே டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) வைத்த பெட்ரோல் இன்ஜின், கையால் மாற்றும் கியர், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். கார் பிரியர்கள் ஹாட் ஹேட்ச் என்பார்களே, அந்த ரகம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு கம்பெனியைத் திட்டித் தீர்க்க இதை எழுதவில்லை என்பதால்தான். இதே கதையை வேறு வேறு கம்பெனிக் கார் வைத்திருக்கும் நண்பர்கள், ஓசூரிலிருந்து அரூர் வரைக்கும், என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் இந்தக் காரை எனக்கு ஏன் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். குறை சொல்பவனுக்குக் கார்மேல் அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலையில் விடிகாலை போயிருக்கிறீர்களா? ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வரும். மூன்றாவது கியரில் போட்டு, வளைவு திறக்கும் இடத்தில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தினால், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டும்போது டர்போ எழுந்துகொள்ளும். ஸ்டீரிங் கையில் பேசும். அந்தக் காட்டில் யானை நடமாட்டம் உண்டு, அதனால் வேகத்தை விரட்டுவதில்லை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே இவ்வளவு சந்தோஷம் தரும் வண்டி இது. 1976-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ காரின் சக்தி வெறும் 110 குதிரைத்திறன். லேசான உடம்பு, துடிப்பான இன்ஜின், குடும்பத்தோடு போக நாலு சீட்டு, பின்னால் டிக்கி. சாதாரண வருமானக்காரன் வாங்கக்கூடிய விலையில் ஒரு நல்ல வண்டி என்கிற எண்ணம்தான் இந்த ரகக் கார்களின் தொடக்கம். அந்த எண்ணத்தை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

சரி, தொப்பூருக்கு வருகிறேன்.

அம்மாவுக்குக் கண் பரிசோதனை. சேலம் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம், ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன், வண்டி கேட்கவில்லை. மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. எண்பதில் வந்த கார் முப்பத்தைந்துக்கு இறங்கி, அதற்குமேல் ஏறவே மாட்டேன் என்றது. பின்னால் லாரிக்காரர்கள் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கணவாயில் நடந்த விபத்துகளைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "ஓரங்கட்டுப்பா, ஓரங்கட்டு" என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நாலு விளக்கையும் மினுக்கவிட்டு ஓரமாக ஊர்ந்து தர்மபுரி வந்து சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. அதன்பிறகு ரொம்ப நாள் அம்மா அந்தக் காரில் ஏறவில்லை. பிக்கப்பில் வருகிறேன் என்பார்.

நான் கார் வாங்கியபோது கிருஷ்ணகிரியிலேயே ஒரு சின்ன சர்வீஸ் மையம் இருந்தது. அதைக் காட்டித்தான் விற்றார்கள். இரண்டே வருடத்தில் மூடிவிட்டார்கள். இப்போது கம்பெனி சர்வீஸ் என்றால் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்கே ஒரு சர்வீஸ் செலவு ஆகிவிடுகிறது. அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். பி0299 என்று கோளாறு எண் வந்தது. டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். டர்போவை முழுசாக மாற்ற வேண்டும் என்று ஒன்றேகால் லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். யாரும் பானட்டுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊர்ந்துகொண்டே ஊருக்குத் திரும்பினேன்.

எங்கள் ஊர் ஹைவே ஓரத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாக லாரி, டிராக்டர் பார்க்கிற மெக்கானிக். "தம்பி, டர்போன்னா எங்களுக்குப் புதுசா? லாரியில பார்க்காததா?" என்றார். உண்மைதானே. டர்போ உங்கள் காருக்கு நவீனமாக இருக்கலாம், டீசல் லாரியில் அது எத்தனை காலமாக ஓடுகிறது! புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழலும், அது காற்றை அமுக்கும், அமுங்கிய காற்று கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும். வழியில் எங்கே ஒழுகினாலும் அழுத்தம் விழும். அண்ணன் ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை அடைத்தார். கம்ப்ரசரிலிருந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பஞ்சர் கடையில் ட்யூபுக்குத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு குழாயிலும் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தார். கூலரிலிருந்து மேலே வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்குக் கீழே, நுரை பொங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் நீள வெடிப்பு. டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை.

இருபது நிமிட வேலை. எஸ்டிமேட்டில் இருந்த ஒன்றேகால் லட்சத்தை நினைத்துக்கொண்டேன். நீங்களும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் குழாய் வேண்டுமே! உதிரிபாகக் கடைக்காரர் கையை விரித்தார். டீலரிடம் போனால், மெக்கானிக்குக் கொடுக்க மாட்டோம், கார் பதிவுச் சான்றோடு உரிமையாளர் வர வேண்டும் என்றார்கள். நேரில் போனேன். தனிக் குழாய் வராது, உலோகப் பைப்போடு சேர்த்து முழு செட்டாகத்தான் வரும், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். எப்போது வரும் என்றதற்கு யாரிடமும் பதில் இல்லை. 38 நாள் ஆயிற்று. அதுவரை, லாரி டர்போவுக்கு வரும் சிலிக்கான் குழாயில் அளவு பார்த்து அண்ணன் வெட்டிப் போட்ட துண்டில்தான் கார் ஓடியது. அந்த 38 நாளும் ஒரு தடவை கூட விளக்கு எரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெங்களூரா, அல்போன்சா என்று ஒட்டுக்கன்று வாங்கிப் போகிற விவசாயி, நட்ட சில மாதத்தில் ஒட்டு விட்டுப்போய்விட்டது என்று வந்து நின்றால், வேறு கன்று கொடுத்து அனுப்புவோம். அவர் தண்ணீர் விட்டாரா இல்லையா என்று வாதம் பண்ணிக்கொண்டிருக்க மாட்டோம். ஒரு கன்று நூறு ரூபாய்தான். உங்கள் கார் பத்து லட்சத்துக்குப் பக்கம்.

குழாய்க்கு அப்புறம், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட். இன்ஜினின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறீர்கள். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து அந்தப் பிளாஸ்டிக் சில வருடத்தில் நைந்து கசிய ஆரம்பிக்கிறது. எடை குறையும், செலவு குறையும் என்று செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதைச் சின்ன டர்போ இன்ஜின் பக்கத்தில், ஏப்ரல், மே மாத வெயிலில், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிற காரில் வைத்துப் பாருங்கள். கசிவு தெரியாத ஆட்கள் மட்டம் குறைந்ததும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது தெரியுமா? ஃப்ளூரைடு அதிகம் என்றுதான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கவே ஆகாத உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கெட்டிலில் படிவது போல உள்ளே வெள்ளையாகப் படியும். கூலன்டோடு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) கலக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் பானட்டுக்குள் ஒட்டி அனுப்பினால் எத்தனை இன்ஜின் பிழைக்கும்! என் காரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாலு சிலிண்டருக்கு நாலு காயில். இதுவரை இரண்டு போய்விட்டன. ஒன்று போனால் இன்ஜின் குலுங்கிக்கொண்டே ஓடும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். அதனால் ஒரு காயில், ஒரு ஸ்பார்க் பிளக், அதற்கான பானா, கூலன்ட் ஒரு லிட்டர், இவை எப்போதும் டிக்கியில் இருக்கும். புளூடூத்தில் போனோடு இணைகிற ஒரு சின்ன ஸ்கேனரும் வாங்கி வைத்திருக்கிறேன். கோளாறு எண்ணைப் படிக்க அது போதும். இன்னும் ஆழமாகப் போய் ஒரு பாகத்தை மாற்றிய பின் அதைக் கார் ஏற்றுக்கொள்ளும்படி பதிவு செய்ய வேண்டும் என்றால், உங்கள் கம்பெனிக் கருவியும் உங்கள் சர்வரும் வேண்டும். அந்தப் பூட்டின் சாவி எங்கள் மாவட்டத்தில் எந்த மெக்கானிக்கிடமும் இல்லை.

என் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடம் இன்ஜின் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். ஹைவேயில் விரட்டி வந்து, வீட்டு வாசலில் நிறுத்தியதுமே சாவியைத் திருப்பிவிடுவேன். டர்போ கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆயில் ஓட்டம் நின்றால் ஆயில் உள்ளேயே கருகும் என்று அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருகிறேன், நின்றபின் ஒரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன். புக்கில் போட்ட கிலோமீட்டருக்கு முன்பே ஆயில் மாற்றுகிறேன். கார் விற்ற அன்றைக்கு இதையெல்லாம் ஒருவர் பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மாலை போட்டு போட்டோ எடுக்கத்தான் நேரம் இருந்தது.

"எங்கள் கருவியை வெளி மெக்கானிக்குக் கொடுக்க முடியாது, பாதுகாப்புப் பிரச்சினை" என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இதே பதிலை நாட்டின் போட்டி ஆணையம் (காம்படிஷன் கமிஷன், சிசிஐ) ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தது தவறு என்றது. பாகங்களை வெளிச்சந்தையில் விற்க வேண்டும், வெளியே ரிப்பேர் பார்த்தார்கள் என்பதற்காகவே வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, விவகாரம் வருடக்கணக்கில் இழுத்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் காவேரிப்பட்டணத்து அண்ணனுக்கு ஒரு ரப்பர் குழாய் விற்க மாட்டேன் என்கிறார் டீலர்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே வருடம் டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். நிறுவனங்கள் அதில் சேர்வது சட்டக் கட்டாயம் இல்லை. அதனால்தான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு கார் ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்குத் திறந்துவிட வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே அந்தக் கடமை வந்துவிட்டது. அங்கே காருக்கு ஆபத்து எதுவும் வந்துவிடவில்லையே!

கட்டாயம் வந்தால் உங்களால் முடியும் என்பதற்கு இன்னொரு உதாரணம். ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் கியர்பாக்ஸ், நெரிசலில் ஊர்ந்தால் சூடாகித் தேயும், உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி அழுத்தம் இழந்து கியர் விழாமல் போகும் என்று பல நாடுகளில் புகார் வந்தது. சீனாவில் புகார் பெருகியதும் ஃபோக்ஸ்வேகன் 2012-இல் டிஎஸ்ஜி என்று தான் பெயர் வைத்த அந்தக் கியர்பாக்ஸுக்கான வாரன்டியை 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தது. அடுத்த வருடம் அரசுத் தொலைக்காட்சி அதைப் பற்றி நிகழ்ச்சி போட்டது. சில நாளில் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பத்து வருடம் பொறுப்பேற்க ஒரு நாட்டில் முடிகிறது என்றால், கிருஷ்ணகிரிக்காரனிடமும் அதைப் பேசலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் ஷோரூம் வைக்கச் சொல்லவில்லை. வியாபாரம் கட்டாது என்றால் மூடுவீர்கள், அது உங்கள் கணக்கு. மூடும்போது ரிப்பேர் செய்யும் வழியையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பாகத்தின் எண்ணையும் விலையையும் இணையத்தில் போடுங்கள். பணம் கட்டினால் யாருக்கும் கொரியரில் அனுப்புங்கள். குழாய் வெடித்தால் குழாயை விற்றுவிடுங்கள், செட்டு வேண்டாம். கோளாறு கண்டறியும் மென்பொருளை நாள் வாடகைக்கு, மாத வாடகைக்கு மெக்கானிக்குகளுக்குக் கொடுங்கள். அண்ணன் மாதிரி ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து வாடகை கட்டத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டேன்.

மாடலை நிறுத்தினால், இத்தனை வருடம் பாகம் கிடைக்கும் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஃபியட் கார் விற்பனை 2019-ஓடு இங்கே முடிந்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த மாதம் எங்கள் பக்கத்து ஃபோர்டு உரிமையாளர்கள் முகத்தைப் பார்த்தவன் நான். என் காரை விற்ற கம்பெனி நாட்டில்தான் இருக்கிறது, ஆனால் மாடல் நின்றுவிட்டது. பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய என் காரின் எரிபொருள் குழாய், சீல், பம்ப் அதைத் தாங்குமா என்று மூன்று முறை மின்னஞ்சலில் கேட்டேன். அருகிலுள்ள டீலரை அணுகவும் என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. ஆம், இல்லை, இந்தப் பாகத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எழுதினால் போதும்.

வித்துத் தொலைப்பா என்று வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று. விற்க மாட்டேன். போன மாதம் அம்மாவே கேட்டு அந்தக் காரில் உட்கார்ந்தார், தர்மபுரி வரை போய் வந்தோம். அடுத்த பரிசோதனைக்கு மறுபடி சேலம் போக வேண்டும், தொப்பூர் ஏற வேண்டும். அதற்குள் மாற்ற வேண்டியது அந்தத் தெர்மோஸ்டாட் உறை. கசிவு திரும்ப ஆரம்பித்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு ஆர்டர் போட்டு முன்பணமும் கட்டிவிட்டேன். உங்களில் யாருடைய மேசையில் அந்த ஆர்டர் கிடக்கிறதோ, அவர் இதைப் படித்தால், பார்சலை டீலருக்கு அனுப்ப வேண்டாம். நேராக ஹைவே ஓரத்து அண்ணன் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள், விலாசத்தை மின்னஞ்சலில் தருகிறேன். மாட்டுவதற்கு அவர் தயாராக இருக்கிறார்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்து மாங்கன்று நர்சரிக்காரன்
கிருஷ்ணகிரி மாவட்டம்